வண்டி நாலு, முறைப்படி பேசவும்

கெல்லு மோதுவுக்குக் கோபம் வராத நாள் உண்டா என்று எங்கள் நிவாரண நிறுவனத்தின் மைதுகுரி அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், "வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்துல கொஞ்சம் அடங்கியிருப்பா, அதுவும் நிச்சயமில்ல" என்பார்கள். வாயில்காவலர் முதல் பெரிய அதிகாரி வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆளே கிடையாது. ஆனால் அலுவலகத்து வண்டிகள் பதினான்கும் அவள் "சரி, போ" என்று சொல்லாமல் வாசலைத் தாண்டாது. காலையில் எத்தனை பேர் வெளியே போனார்களோ அத்தனை பேரும் மாலையில் உள்ளே வந்தாக வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. அதற்குக் கடைசியாக வைத்த பெயர் பணியாளர் பாதுகாப்பு அலுவலர்.

வேலைக்கு வந்தபோது அவளுக்கு எந்தப் பெயரும் இல்லை. ஊரில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். காட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த துப்பாக்கிக்காரர்கள் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினார்கள், ஊரையும் கொளுத்தினார்கள். இரண்டு பெண்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நாலு நாள் நடந்து முகாமுக்கு வந்தாள். அங்கே தண்ணீர்க் குழாயடியில் நானூறு பேர் அடித்துக்கொள்வதைப் பார்த்து எரிச்சலாகி, ஒரு கவிழ்த்த வாளியின் மேல் ஏறி நின்று ஒரு அதட்டு அதட்டினாள். வரிசை நேரானது. பக்கத்தில் நின்ற நிறுவனத்துக்காரன் ஒருவன், இந்தக் குரல் வண்டிகளோடு பேசுகிற வானொலி அறைக்கு ஆகும் என்று கூட்டிக்கொண்டு போனான். பதினோரு வருஷம் ஆயிற்று.

பாதுகாப்பு என்றால் என்ன என்று அவள் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. விடிந்ததும் சந்தைக்குப் போவாள். கரிவா பக்கத்துத் தக்காளி வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். வரவில்லையென்றால் கரிவா சாலையில் அன்றைக்கு வண்டி கிடையாது, தீர்ந்தது. விறகு விற்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பாள். டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவனிடம், நேற்று மோட்டார் சைக்கிள் டயர் மொத்தமாக யாராவது வாங்கினார்களா என்று கேட்பாள். சோதனைச்சாவடிச் சிப்பாய்களில் யாருக்குச் சம்பளம் வந்தது, யாருக்கு வரவில்லை என்பது அவளுக்கு அத்துப்படி. இதையெல்லாம் அறிக்கையில் எழுத முடியாது என்று மேலிடம் சொன்னபோது, "எழுதாதீங்க. ஆளு உயிரோட வந்தாப் போதும்" என்றாள்.

வண்டி நாலின் ஓட்டுநர் கிதாதோ. ஃபுலானி, மாடு மேய்க்கிற இனம். நெட்டையாக, ஒல்லியாக, வண்டிக்குள் மடங்கித்தான் உட்காருவான். கெல்லு கனூரி இனம். கனூரியும் ஃபுலானியும் சந்தித்தால் முதலில் என்ன பேசுவார்கள் என்று எங்கள் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ என் அடிமை, உன் தாத்தா என் தாத்தாவிடம் விலைபோனவன் என்று ஆரம்பிக்கும். கல்யாண வீட்டிலும் நடக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலண்டையிலும் நடக்கும். கோபித்துக்கொள்ள உரிமை கிடையாது. கோபித்துக்கொண்டால் நீ மனுஷனே இல்லை. முன்பின் தெரியாதவனைக்கூட அப்படித் திட்டலாம், திட்டிவிட்டால் அன்றைக்கு அவன் வீட்டில் உனக்குச் சோறு உண்டு. மரியாதையாகப் பேசினால்தான் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

அரைமணிக்கு ஒரு தரம் வண்டியிலிருந்து வானொலியில் பேச வேண்டும். கிதாதோவின் முறை வரும்போது அறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"அடியே என் அடிமை, எசமான் பேசறேன். காலை அமுக்கிவிட ஆள் இல்ல, எப்ப வர்ற?"

"மாட்டு வாலப் பிடிச்சுக்கிட்டு நடந்த பயலுக்கு வண்டி குடுத்தது என் தப்பு. எங்கடா இருக்க?"

"பாலத்துக்கிட்ட. ரெண்டு பேர். உன் அப்பனை ஒரு கழுதைக்கு மாத்தினோமே, அந்தப் பாலம்."

"அந்தக் கழுதைதான் இப்ப வண்டி ஓட்டுது. பாத்து வா."

பதினோரு வருஷம் இப்படித்தான். ஒரே ஒரு தரம் கிதாதோ திட்டாமல் "வந்துக்கிட்டிருக்கேன் கெல்லு" என்றான். என்னடா ஆச்சு என்று உடனே கேட்டாள். காய்ச்சல். மலேரியா. அந்த வண்டியை அங்கேயே நிறுத்தி வேறு ஓட்டுநரை அனுப்பினாள். அவனுடைய திட்டு அவளுக்கு நாடி பார்ப்பது மாதிரி.

பிறகு ஹென்றிக் வந்தார். இந்த நாட்டு அலுவலகங்களுக்கெல்லாம் பாதுகாப்பு ஆலோசகர் என்று பதவி. நல்ல மனிதர்தான், யாரையும் கடிந்து பேச மாட்டார், எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவார். நல்ல மனிதர்கள் செய்கிற கேடு இருக்கிறதே, அதற்கு வாயடைத்துப் போகும். அவர் வானொலிப் பேச்சுகளை ஒரு மாதம் பதிவுசெய்து, தலைமையகத்துக்கு அனுப்பி, மொழிபெயர்க்கச் சொன்னார். யாரோ எங்கோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தார்கள். 'அடிமை' என்று நூற்றுப்பதினேழு தரம். கழுதை முப்பது. இனவெறிப் பேச்சு என்று தலைப்புப் போட்டு எச்சரிக்கைக் கடிதம் இரண்டு வந்தது. கெல்லுவுக்கு ஒன்று, கிதாதோவுக்கு ஒன்று. இன்னொரு தரம் நடந்தால் வேலை போகும்.

"ஸார், இது திட்டு இல்ல," என்றாள் கெல்லு.

"உனக்கு அப்படித் தோணலாம் கெல்லு. அவருக்கு மனசு நோகலாம்ல?"

"அவனையே கூப்பிட்டுக் கேளுங்க."

கிதாதோவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "இவங்க பாட்டன்மாருங்க எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டினவங்க ஸார், இவளைத் திட்டலேன்னாத்தான் எனக்கு மனசு நோவும்" என்றான். ஹென்றிக் அதைப் பரிதாபமாகக் குறித்துக்கொண்டார்.

இரண்டு பேரையும் அரைநாள் வகுப்பில் உட்கார வைத்தார்கள். வகுப்பின் பெயர் 'பணியிடத்தில் மாண்பு'. இரண்டும் ஒரே பெஞ்சில் தலையைக் குனிந்து, தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தன. வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கிதாதோவுக்கு ஆறு பிள்ளைகள்.

"இனிமே வாயைத் திறக்க மாட்டேன் கெல்லு. வேலை போச்சுன்னா கும்போ என்னை மாட்டோட சேத்துக் கட்டிருவா," என்றான். கும்போ அவன் மனைவி.

"போடா. நானும் திறக்கல."

அதற்கப்புறம் இதுதான் பேச்சு: வண்டி எண், இடம், ஆள்கணக்கு, எல்லாம் நலம். இந்த நான்கும் தவிர ஒரு சொல் கூடாது. ஆபத்தென்றால் சொல்வதற்கு ஒரு ரகசியச் சொல்லும் கொடுத்தார் ஹென்றிக். 'நீலக்குடை'. ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். கழுத்தில் துப்பாக்கியை வைத்துக்கொண்டிருக்கிறவன் கனூரியில் "ஒழுங்காப் பேசு" என்கிறான், ஓட்டுநர் ஆங்கிலத்தில் நீலக்குடை என்கிறார். அடுத்த நொடி என்ன நடக்கும்? இந்தக் கேள்வியைக் கெல்லு கூட்டத்திலேயே கேட்டாள். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள் என்று பதில் வந்தது. எந்த உலகம் என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கேட்டிருக்கலாம்.

இருபத்து மூன்று நாள் கிதாதோ ஒரு சொல் மீறவில்லை. அவன் பேசும்போது அறையில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இருபத்து நாலாம் நாள் கரிவாவுக்கு ஒரு வண்டி போக வேண்டியிருந்தது. மருந்துப்பெட்டியும், ரிஃப்கத்து என்ற செவிலிப் பெண்ணும். தெற்கே பியூ பக்கத்துக்காரி, அதிர்ந்து பேசமாட்டாள், கெல்லுவிடம் மட்டும் நன்றாக ஒட்டிக்கொண்டாள். கரிவாவில் பிரசவம் பார்க்க ஆளில்லை என்று அவளாகவே கேட்டுப் போகிற பயணம். கெல்லு சந்தைக்குப் போய்ப் பார்த்தாள். தக்காளி வந்திருந்தது. எட்டரைக்கு, "சரி, போ" என்றாள்.

ஒன்பது மணிக்குப் பேசினான். ஒன்பதரைக்குப் பேசினான். எல்லாம் நலம்.

பத்து மணிக்கு ஹென்றிக் வானொலி அறைக்குள் இரண்டு விருந்தினரோடு வந்தார். தலைமையகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள். புதிய ஒழுங்கு எப்படி நடக்கிறது என்று காட்ட வேண்டும். கெல்லு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். வானொலிப் பெட்டி கரகரத்தது.

"அடியே என் அடிமை. எசமான் பேசறேன். காலை அமுக்கிவிட ஆள் இல்ல. எப்ப வர்ற?"

விருந்தினரில் ஒருவருக்கு, வானொலியில் நாங்கள் பேசுகிற ஹவுசா மொழி தெரியும் போல. புருவத்தைத் தூக்கி ஹென்றிக்கைப் பார்த்தார். ஹென்றிக்கின் காது சிவந்தது. கெல்லுவுக்குத் தலைக்கு ரத்தம் ஏறிற்று. பாவி, இன்றைக்குப் பார்த்தா? அவன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு. சாயந்திரம் வரட்டும், கிழித்துத் தோரணம் கட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"வண்டி நாலு, முறைப்படி பேசவும்."

பதில் இல்லை. வெறும் இரைச்சல். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு.

"அடியே அடிமை," என்றான் மறுபடியும். குரலில் சிரிப்பே இல்லை. அதைக் காது கேட்டது, கோபம் கேட்கவிடவில்லை.

"வண்டி நாலு. முறைப்படி பேசவும்."

"வண்டி நாலு," என்றான் கிதாதோ. "முப்பதாவது கிலோமீட்டர். ரெண்டு பேர். எல்லாம் நலம்."

ஹென்றிக் தலையை ஆட்டினார், நன்றாகக் கையாண்டாய் என்பதைப் போல. விருந்தினர்கள் குறித்துக்கொண்டார்கள். எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

பத்தரைக்குப் பெட்டி பேசவில்லை. கெல்லு கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு பிள்ளைக்காரன். இருபத்து மூன்று நாள் நாக்கைக் கட்டிக்கொண்டு கிடந்தவன். அவன் எதற்கு இன்றைக்கு, ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் அந்தப் பேச்சைப் பேச வேண்டும்? முன்பென்றால் மரியாதையாகப் பேசித் தெரிவித்திருப்பான். மரியாதையைத்தான் சட்டமாக்கிவிட்டார்களே. அவனிடம் மிச்சமிருந்தது அந்தத் திட்டு ஒன்றுதான். பக்கத்தில் துப்பாக்கியோடு நின்ற கனூரிப் பயல்களுக்கு அது வழக்கமான கேலி. அவளுக்கு மட்டும் புரியும் என்று நம்பிப் பேசியிருக்கிறான்.

தேநீர் அறைக்கு ஓடினாள்.

"வண்டி நாலைப் பிடிச்சிட்டாங்க ஸார். ராணுவத்துக்குச் சொல்லுங்க, காட்டுக்குப் போற ஓடைப் பாதையை அடைக்கணும்."

"எப்படித் தெரியும்?"

"என்னை அடிமைன்னான்."

ஹென்றிக் விருந்தினரைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "அதைப் பத்தி அப்புறம் பேசலாம் கெல்லு. ஒழுங்கு நடவடிக்கை எடுப்போம். நீ கவலைப்படாதே" என்றார்.

"அய்யோ, உங்க ஒழுங்கைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. அவன் கூப்பிட்டான் ஸார். ரெண்டு தரம் கூப்பிட்டான்."

"ஒரு அழைப்பு தவறினா அரைமணி காத்திருக்கணும். பதினொரு மணி வரை பார்ப்போம். அதுதான் முறை."

அவள் அவருடைய முறையைக் கேட்க நிற்கவில்லை. நடைவழியில் நின்று தன் சொந்தப் போனில் முப்பத்தெட்டாம் கிலோமீட்டர் சாவடித் தளபதியைக் கூப்பிட்டாள். அவர் போனவாரம் அவளிடம் சம்பளம் வரவில்லை என்று புலம்பியவர். சொன்னதைக் கேட்டு மறு கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்தார். அப்போது மணி பத்து நாற்பது. முதல் திட்டுக்கும் அவள் போனுக்கும் இடையில் நாற்பது நிமிஷம். சாவடியிலிருந்து அந்த இடத்துக்கு எட்டு கிலோமீட்டர்தான். வண்டி ஓடை மணலில் நின்றது, நாலு கதவும் திறந்தபடி. மருந்துப்பெட்டியைக் காணோம். இஞ்சின் இன்னும் சூடாக இருந்தது என்றார் தளபதி. பத்து மணிக்கே சொல்லியிருந்தால் என்று கெல்லு நிமிஷங்களை எண்ணினாள்.

விசாரணை நடந்தது. நடக்காமல் இருக்குமா? மூன்று வாரத்தில் முப்பது பக்கம். ஓட்டுநர் சம்பவத்துக்குச் சற்றுமுன் வானொலி ஒழுங்கை மீறினார் என்று ஒரு வரி. பாதுகாப்பு அலுவலர் உரிய விதத்தில் திருத்தினார் என்று அடுத்த வரி. ஆபத்துச் சொல்லை ஓட்டுநர் பயன்படுத்தவில்லை, எனவே கூடுதல் பயிற்சி தேவை என்று இன்னொரு வரி. கெல்லு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அவளைப் பாராட்டித்தான் எழுதியிருந்தார்கள். பேசாமல் இருந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது.

"இது பொய்," என்றாள். "அவன் மீறல. அவன் எங்கிட்டச் சொன்னான். எனக்குக் காதுல விழுந்துச்சு. உங்க விருந்தாளிங்க முன்னாடி வேலை போயிருமேன்னு பயந்து நான் அவன் வாயை அடைச்சேன். அப்படி எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

"உன்னை நீயே வருத்திக்காதே கெல்லு. அதிர்ச்சியில இருக்கே. மனநல ஆலோசகர் ஒருத்தர் இருக்காங்க, பேசறியா?" என்றார் ஹென்றிக். கண் கலங்கியிருந்தது அவருக்கு. அதையும் பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு.

"நான் என்னை வருத்திக்கல ஸார். உங்களை வருத்தப் பாக்கறேன். முடியல."

அறிக்கை அவள் கையெழுத்து இல்லாமலே போயிற்று. ஹென்றிக்குக்கு வேறு நாட்டில் இதைவிடப் பெரிய பதவி கிடைத்தது. வழியனுப்பு விழாவில் கேக் வெட்டினார்கள். கெல்லு அன்றைக்குச் சந்தையில் தக்காளிக்காரியோடு வீணாக ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

கிதாதோவின் பங்காளிகள் சும்மா இருக்கவில்லை. மாடு மேய்க்கிறவர்களுக்குக் காட்டில் எல்லாப் பாதையும் தெரியும், காட்டில் இருப்பவர்களும் தெரியும். பெரியவர்கள் போனார்கள், உட்கார்ந்தார்கள், பேசினார்கள், திரும்பி வந்து மறுபடி போனார்கள். ஐம்பத்திரண்டாம் நாள் கிதாதோ ஒரு சாவடிக்கு நடந்தே வந்து சேர்ந்தான். தனியாக. ரிஃப்கத்துவை மூன்றாம் நாளே வேறு கூட்டத்திடம் கொடுத்துவிட்டார்களாம். எங்கே என்று இன்றுவரை தெரியாது. அவளுடைய அம்மா வாரம் தவறாமல் அலுவலகத்துக்குப் போன் செய்வாள். யார் எடுத்தாலும் கெல்லுவிடம்தான் கொடுப்பார்கள். சொல்வதற்கு ஒன்றுமில்லாத போனை வாரம் தவறாமல் அவள் எடுப்பாள்.

கிதாதோ வந்த மூன்றாம் நாள் சர்க்கரையும், வெற்றிலை மாதிரி மெல்லுகிற கோலாக் கொட்டையும் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். ஆட்டோவில் போகும்போதே என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டாள். கதவருகிலேயே குரலை உயர்த்தினாள்.

"எங்கடா என் அடிமை? ஐம்பது நாள் எசமானியம்மாகிட்டச் சொல்லாம ஊர் சுத்திட்டு வந்திருக்கான் பாரு, மாட்டுக்காரப் பயல்."

உள்ளே பிள்ளைகளின் சத்தம் நின்றது. கிதாதோ வெளியே வந்தான். பாதி ஆளாகியிருந்தான். இடது காதைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பெரிய மனுஷர்கள் வந்தால் குனிவது போலக் குனிந்தான்.

"வாங்கம்மா. உள்ள வாங்க."

கெல்லு வாசற்படியிலேயே நின்றாள்.

"கும்போ, அம்மாவுக்கு நாற்காலி போடு," என்றான் உள்ளே திரும்பி.

பதினோரு வருஷமாக அந்த வீட்டில் பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இதுவும் ஒரு தயிரா என்று மட்டம் தட்டிக்கொண்டே மூன்று கிண்ணம் குடித்தவள். கும்போ நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"திட்டுடா என்னை," என்றாள் கெல்லு.

"எதுக்குங்கம்மா?"

"டேய், வேண்டாம். அப்படிப் பேசாதே. தப்புப் பண்ணிட்டேன். அந்த ஹென்றிக் தடியன் பக்கத்துல நின்னான், எனக்குப் புத்தி மழுங்கிப் போச்சு. வேணும்னா அடி. இந்த அம்மா கிம்மாவெல்லாம் வேண்டாம்."

கிதாதோ பாயில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். பேசியபோது குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நாலு பேரு வண்டிக்குள்ள ஏறிட்டானுங்க. பேசு, எப்பவும் போலப் பேசுன்னானுங்க. நான் உங்களைத் திட்டினேன். அவனுங்க சிரிச்சானுங்க. எவனுக்கும் சந்தேகம் வரல. ரிஃப்கத்து மட்டும் என்னைத் திரும்பிப் பாத்துச்சு. அந்தப் பொண்ணுக்குத் தெரியும், நாம இப்பல்லாம் அப்படிப் பேசறதில்லன்னு. 'கெல்லு அக்காவுக்குப் புரிஞ்சிரும்ல அண்ணே'ன்னு வாய்க்குள்ளயே கேட்டுச்சு. புரிஞ்சிரும்னு தலையை ஆட்டினேன். அது முகத்துல கொஞ்சம் உயிர் வந்துச்சு. அப்புறம் நீங்க பேசினீங்க."

கெல்லு சர்க்கரைப் பொட்டலத்தை நாற்காலியில் வைத்தாள்.

"ரெண்டாவது தரமும் நீங்க சொன்னது அதுக்கு நல்லாவே கேட்டுச்சும்மா," என்றான்.

கும்போ கம்பு உருண்டை கரைத்த தயிரைக் கொண்டுவந்து, நல்ல கிண்ணத்தில் ஊற்றி, தட்டில் வைத்து நீட்டினாள். கெல்லு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னாள்.